"உள்ளே ஆள் இருக்கா?"

மலேசியாவின் பேரா மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் யாராவது பிள்ளைக்கு அரசாங்க வேலை என்று பேச்செடுத்தால் முதல் கேள்வி, "உள்ளே ஆள் இருக்கா?" என்பதுதான். என்ன படித்திருக்கிறது, மலாய் எழுத வருமா என்பதெல்லாம் அப்புறம். ஊராட்சி மன்ற வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த 'ஆள்' நான்தான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது கேட்கிறார்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கீரை பொறுக்கும்போது கேட்கிறார்கள். யாரையும் உள்ளே தள்ளிவிடும் சக்தி எனக்குக் கிடையாது. வேலையில் இருந்தபோதும் கிடையாது. ஆனாலும் 'உள்ளே ஆள் வேண்டும்' என்ற பேச்சில் ஓர் உண்மை உண்டு. வேலை வாங்க ஆள் தேவையில்லை. வாங்கிய வேலையில் வளர ஆள் தேவை. எனக்கு அப்படி இரண்டு மூன்று பேர் வாய்த்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

நான் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார், அம்மா வெளிக்காட்டு வேலை. தமிழ்ப்பள்ளி, பிறகு ஒரு வருடம் புகுமுக வகுப்பு, பிறகு இடைநிலைப் பள்ளி என்று எல்லாரும் போன பாதைதான். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்து, டவுனில் தட்டச்சு வகுப்புக்குப் போய், 1984இல் பேராவில் ஒரு மாவட்ட மன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். 2024இல் உதவி நிர்வாக அதிகாரியாக வெளியே வந்தேன். மன்றத்தின் பெயர் வேண்டாம். கூட வேலை செய்தவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஊராட்சி மன்றம் என்ன செய்கிறது என்றே தெரியாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. தோட்டம் தனியார் நிலம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் குப்பை, லோங்காங் என்ற சாக்கடை, குழாய் எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மன்றத்தின் குப்பை லாரி தோட்டத்து வாசலுக்கு வெளியேதான் ஓடும். எங்களுக்கு அரசாங்கம் என்றால் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியும் மேலாளரான துரையும்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனம் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்த பிறகுதான் 'சுக்காய் பிந்து' என்ற வீட்டு வரி ஒன்று உண்டு, அதை வருடத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளும் கட்ட வேண்டும் என்று பலருக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மன்றத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியாமல்தான் போகும். மற்ற பிள்ளைகள் அப்பா சித்தப்பா வாயால் கேட்டு வளர்ந்த விஷயத்தை நம் பிள்ளை முதல் நாள் தொடங்கிக் கற்க வேண்டும்.

என் முதல் ஆசான் தலைமைக் கிராணியாக இருந்த ஒரு மலாய்ப் பெண்மணி. ஆபீஸில் எல்லாருக்கும் அவர் 'காக்', நாம் அக்கா என்பது மாதிரி. கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. காகிதத்தைப் பார்த்து விரல் தானாக ஓடும், மனசு வேறெங்கோ இருக்கும். அதைக் காக் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தே ஓ குடித்துக்கொண்டே கேட்பார்: "காலையில் அடித்தாயே, அதில் என்ன முடிவு? யார் செய்ய வேண்டும்? எந்தத் தேதிக்குள்?" பதில் தெரியாவிட்டால் திட்டமாட்டார். போய்ப் படித்துவிட்டு வா என்பார். இந்தப் பழக்கத்தால் ஒன்று நடந்தது. எந்தப் பிரிவில் எந்த விவகாரம் எத்தனை மாதமாக இழுக்கிறது என்பது கடைசி மேசைத் தட்டச்சரான எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அதிகாரிகளே வந்து, "அந்த லைசன்ஸ் விஷயம் எந்தக் கூட்டத்தில் வந்தது?" என்று கேட்பார்கள். கோப்பு போகும் பாதை தெரிந்தவரை யாரும் சும்மா ஒதுக்கி வைக்க முடியாது.

இரண்டாவது ஆள் நம்மவர், சுகாதார இன்ஸ்பெக்டர். அங்கிள் என்று கூப்பிடுவேன். காக்தான் அவரிடம் பேசி, புகார் பார்க்கப் போகும்போது என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார். தட்டச்சருக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தப் பயணங்களில் கற்றதை எந்தப் பயிற்சியும் எனக்குக் கொடுக்கவில்லை.

ஒரு சாதாரண விஷயம் சொல்கிறேன். மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர் கவுண்டரில் வந்து கத்துவார். அங்கிள் இடத்துக்குப் போனதும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இது யாரு லோங்காங்மா?" தாமானுக்குள் ஓடும் சின்ன லோங்காங் மன்றத்துடையது. பெரிய ரோட்டோரம் ஓடுவது பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். அது போய் விழும் ஆறும் பெரிய வடிகாலும் வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ். தோட்ட எல்லைக்குள் இருந்தால் தோட்டம். வீடு கட்டிய மேம்பாட்டாளர் தாமானை இன்னும் மன்றத்திடம் ஒப்படைக்கவில்லை என்றால் அது மேம்பாட்டாளர் தலையில். ஒரே தண்ணீர் ஐம்பது மீட்டருக்குள் மூன்று பேர் கையில் மாறும். இது தெரியாத அதிகாரி, 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் திட்டு வாங்குவார். தெரிந்தவர் அன்றே சரியான துறைக்குக் கடிதம் போட்டு, அதன் நகலைப் புகார் கொடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். குழி விழுந்த ரோடும் இப்படித்தான். மாரிஸ் என்ற ரோட்டுப் பதிவேட்டில் ஏறிய ரோட்டுக்குத்தான் கூட்டரசின் பராமரிப்பு மானியம் வரும். பழைய தோட்டத்து ரோடு பார்வைக்கு ரோடு மாதிரிதான் இருக்கும், பதிவில் இருக்காது. அப்போது செய்ய வேண்டியது தார் கேட்பதல்ல, முதலில் அதைப் பதிவில் ஏற்ற வழி தேடுவது.

குப்பையிலும் இந்த வித்தியாசம் உண்டு. குப்பை வேலையை மன்றத்திடமிருந்து கூட்டரசின் கைக்கு மாற்றும் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைக் கெடா, பஹாங், ஜொகூர் போன்ற மாநிலங்கள் ஏற்றன. பேராவும் சிலாங்கூரும் பினாங்கும் ஏற்கவில்லை. அதனால் எங்கள் பக்கம் குப்பை இன்றும் மன்றத்தின் தலைவலி. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். சொல்லிப் பார்த்த பிள்ளைகள் வந்து சொன்னது இது.

இனி என் சொந்த வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். தட்டச்சரிலிருந்து கவுண்டருக்கு மாறியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோட்டத்துப் பாட்டிகள் வரி நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள். நோட்டீஸ் 'இ' என்றால் பாக்கியைக் கட்டச் சொல்லும் கடிதம்; அதற்கும் அசையாவிட்டால் வீட்டுச் சாமானைக் கைப்பற்ற வாரண்ட் வரும். அந்தக் காகிதத்தைப் பார்த்து அழாத பாட்டி இல்லை. தவணை முறையில் கட்ட எழுதிக் கொடுத்து அனுப்புவேன். நல்ல வேலைதான். ஆனால் வருடங்கள் ஓடின. இட மாற்றம் கேட்டபோதெல்லாம், "நீ போனால் தமிழாளுங்களுக்கு யார் பதில் சொல்வது?" என்று அப்போதைய மேலதிகாரி சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். மொழி தெரிந்ததே என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் லைசன்ஸ், மதிப்பீடு, திட்டமிடல் என்று சுற்றி வந்து மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

காக் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "உன் இடத்துக்கு ஒருவரைத் தயார் செய்தாயா?" என்று கேட்டார். திரும்பி வந்து, பக்கத்துக் கவுண்டரில் இருந்த மலாய்த் தம்பிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். "உட்காருங்க பாட்டி", "ஐ.சி. கொண்டாந்தீங்களா?", "வீட்டு நம்பர் என்னா?", "பயப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம்." ஒரு எக்சர்சைஸ் புக்கில் மலாய் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சில மாதத்தில் பாட்டிகள் அவனைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. பிறகு மாற்றம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்தேன். யார் என் வேலையைப் பார்ப்பார், எந்த வாரத்தில் ஒப்படைப்பேன் என்று அந்தக் கடிதத்திலேயே இருந்தது. மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போனது.

தமிழ் தெரிந்த ஊழியர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். சமூகத்துக்கு உதவுவது வேறு, அந்த ஒரு மேசையிலேயே முடிந்துபோவது வேறு. சின்ன மன்றத்தில் பதவிகளே குறைவு. கூட்டரசு ஊழியர் மாதிரி நாடு முழுக்க மாற்றலாகிப் போகவும் முடியாது. ஒவ்வொரு மன்றமும் தனக்கென ஆள் எடுப்பது. காலி இடம் வரும் அன்று பல பிரிவுகளைத் தொட்ட கை யாருடையது என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது ஆசான் மன்றச் செயலாளர் ஒருவர். கண்டிப்பானவர், அதிகம் பேசமாட்டார். கூட்டத்துக்குப் போகும் கெர்த்தாஸ் கெர்ஜாவை, அதாவது முடிவு கேட்கும் அறிக்கையை, எழுதக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். நோக்கம், பின்னணி, எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, செலவு, பரிந்துரை என்ற வரிசை எல்லாருக்கும் தெரியும். அவர் வரைவைக் கையில் வாங்கியதும் கேட்பது இரண்டே கேள்வி: "எவ்வளவு ஆகும்? கூட்டம் இதை வேண்டாம் என்று தள்ளிவிட்டால் நாளைக்கு யாருக்கு என்ன நடக்கும்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தால்தான் விஷயம் நமக்கே புரியும். பல காகிதங்களை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன், கூட்டத்துக்கே தேவையில்லாத விஷயம் என்று தெரிந்து.

அவர்தான் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தை, நாங்கள் 'அக்தா 171' என்று சொல்வதை, முழுதாகப் படிக்கச் சொன்னார். கூடவே சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133. கடை வாசல் நடைபாதையான ஐந்தடி வழியில் சாமானைப் பரப்பினால் மன்றம் ஏன் எடுக்கிறது என்பதற்கு விடை 133இன் 46ஆம் பிரிவில் இருக்கிறது. மன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நான்கு பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும், அவர்களை நியமிப்பது மாநில அரசு என்பது 171இல். ஏன் நியமனம், ஏன் தேர்தல் இல்லை என்று இளம் ஊழியர்கள் கேட்பார்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அப்போது அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்முடைய செனட்டர் ஆதி நாகப்பன். மறுபடி தேர்தல் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. இந்தப் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்கிறது. மூடித்தான் நடத்த வேண்டும் என்று மன்றம் தீர்மானித்தால் தவிர, யாரும் போய் உட்காரலாம். செயற்குழுக் கூட்டங்கள் வேறு, அவை திறந்தவை இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, செயலாளர் அலுவலகத்தில் தேதி கேட்டு ஒரு முழுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வா என்பதுதான். பாதிப் பேர் போவதில்லை. போனவர்கள் திரும்பி வந்து கேட்கும் கேள்வியே வேறு தரத்தில் இருக்கும்.

ஊழியர் மதிப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். வருடத் தொடக்கத்தில் எஸ்.கே.தி. என்ற வேலை இலக்குப் பாரம், வருடக் கடைசியில் எல்.என்.பி.தி. மதிப்பெண். இரண்டு அதிகாரிகள் மதிப்பிடுவார்கள். நம் பெண்கள் இந்தப் பாரத்தில் 'கொடுத்த வேலையைச் செய்தேன்' என்ற அளவில் எழுதிவிட்டு எழுந்துபோவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அடக்கமாம்! இரண்டாவது மதிப்பீட்டாளர் உங்களைத் தினமும் பார்ப்பவர் இல்லை. காகிதத்தில் இருப்பதுதான் அவருக்குத் தெரியும். எத்தனை நோட்டீஸ் அனுப்பினேன், எவ்வளவு பாக்கி வசூலானது, எத்தனை புகார் எத்தனை நாளில் முடிந்தது என்று வாரம் ஒருமுறை புத்தகத்தில் குறித்துவைத்தால் டிசம்பரில் தேட வேண்டியதில்லை. உதவிக் கிராணி நிலையிலிருந்து அதிகாரி நிலைக்கு, சர்வீஸில் இருப்பவர்கள் மேல்நிலைக்கு விண்ணப்பிக்கும் பி.எஸ்.எல். வழியாக விண்ணப்பித்தபோது என்னைக் காப்பாற்றியது அந்தப் புத்தகம்தான்.

பயிற்சிக்கு அனுப்பும்போது எல்லாரும் தன் வேலை சம்பந்தமானதையே எடுப்பார்கள். நான் வேண்டுமென்றே பக்கத்துப் பிரிவின் பயிற்சியைக் கேட்பேன். அரசு ஊழியர் பயிற்சிக் கழகமான இந்தான் நடத்தும் எப்ஸா இணையப் பாடங்களில் வீட்டிலிருந்தே படிக்கலாம், இப்போதுள்ளவர்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பவில்லை என்ற சாக்கும் இல்லை.

பணத்துக்கும் பாசத்துக்கும் இடையில் வரும் நெருக்கடியைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தீபாவளிச் சந்தைக் கடை இடங்கள் வரும் சமயம் என் கைப்பேசி ஓயாது. "நம்ம ஆளு நீங்க இருக்கீங்க, ஒரு முன்பக்க இடம்..." குலுக்கலில்தான் வரும் என்று சொன்னால், "அப்புறம் நீங்க எதுக்கு அங்க இருக்கீங்க?" என்பார்கள். சொந்த மச்சானே ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அங்கிள் எனக்குச் சொன்ன வழி: விண்ணப்பப் பாரத்தைச் சரியாக நிரப்ப யாருக்கும் உதவு, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் நிரப்பிக் கொடு, குலுக்கல் அன்று மட்டும் அந்தப் பக்கமே போகாதே. அதன்படியே செய்தேன். பலகாரப் பெட்டிக்குள் உறை இருந்த கதையும் நடந்தது. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி, லஞ்சம் வாங்காமல் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, கொடுக்க வந்ததைப் புகார் செய்வதும் அரசு ஊழியரின் கடமை. புதிதாகச் சேரும் பிள்ளையிடம் முதல் வாரத்திலேயே மூத்தவர் ஒருவர் இதைச் சொல்லியாக வேண்டும். தனியாக மாட்டிக்கொண்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

இப்போது என் வீட்டு வராந்தாவுக்குச் சில பிள்ளைகள் வருகிறார்கள். சிபாரிசுக் கடிதம் கொடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்; அதோடு சிலர் நின்றுவிடுவார்கள், நல்லது. மிஞ்சியவர்களுக்கு வேலை கொடுப்பேன். உங்கள் தாமானில் ஒரு பிரச்சினையை எடு, யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடி, மலாயில் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி வா. வந்ததைத் திருத்துவேன், மறுபடி எழுதச் சொல்வேன். மைஸ்தெப் என்ற அரசாங்கக் குறுகிய கால வேலைத் திட்ட ஒப்பந்தத்தில் ஒரு தம்பி மன்றத்துக்குள் போனான். ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு பிரிவிலும் உதவி செய்து பழகிக்கொண்டான், பிறகு நிரந்தர வேலைக்கு முறைப்படி விண்ணப்பித்துக் கிடைத்தது. இன்னொருவன், அவனைவிடக் கெட்டிக்காரன், சிங்கப்பூருக்குப் போய்விட்டான். சம்பளக் கணக்கைப் பார்த்தால் அவனைக் குறை சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

விண்ணப்பிப்பவர்களுக்குச் சில விவரங்கள். மன்ற வேலையைக் கூட்டரசின் பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ. பக்கத்தில் மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்தந்த மன்றத்தின் இணையப் பக்கத்தையும் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்ததிலிருந்து நிலைகளின் எண்கள் மாறிவிட்டன. கிராணிகளின் பழைய என்-19 இப்போது என்-1, உதவி அதிகாரிகளின் என்-29 இப்போது என்-5, பட்டதாரிகளின் 41 இப்போது 9. பழைய எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு வேலையே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இல்லையென்றால் அந்த ஒரு பாடத்தை மட்டும் தனியாக மறுபடி எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சேர்ந்த பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடம் தகுதிகாண் காலம். பொது உத்தரவுகளையும் நிதி உத்தரவுகளையும் அப்போதே படித்து முடித்துவிடுங்கள், குழந்தை குட்டி வந்த பிறகு புத்தகம் திறக்காது.

யாரிடமும் போய், "எனக்கு வழிகாட்டியா இருங்க" என்று கேட்காதீர்கள். மூத்தவர்கள் மிரண்டுபோவார்கள். "அண்ணே, இந்தக் கோப்பு ஏன் திரும்பி வந்துச்சு?" என்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். பதில் வந்தால் அடுத்த வாரம் இன்னொன்று. அவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் காக்தான்.

இன்னும் சர்வீஸில் இருப்பவர்கள், அறிவுரை சொல்லுமுன் அடுத்த முறை இடம் பார்க்கப் போகும்போது ஒரு இளம் ஊழியரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அறிக்கையின் முதல் வரைவை அந்தப் பிள்ளையே எழுதட்டும். கையெழுத்துப் போடும் இடத்தில், 'தயாரித்தவர்' என்று அந்தப் பிள்ளையின் பெயரையும் போடுங்கள்.